குகட்பள்ளியில் இல்லாதவன்

எங்கள் வீட்டுப் பரணுக்கு எலி வந்ததும், நானும் மனைவியும் பாஸ்போர்ட்டுக்கு விண்ணப்பித்ததும் ஏறக்குறைய ஒரே வாரம். இரண்டுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். சம்பந்தம் இல்லைதான். உண்டாக்கியவன் நான்.

ஹைதராபாத்தில், குகட்பள்ளி ஹவுசிங் போர்டு காலனியில் மாடி வீடு எங்களுடையது. எனக்கு ஜீடிமெட்லாவில் ஒரு மருந்துக் கம்பெனியில் ஸ்டோர்ஸ் பார்க்கும் வேலை. ஒரே பெண். கொண்டாப்பூரில் கம்ப்யூட்டர் வேலையில் இருந்த மாப்பிள்ளையை அவருடைய கம்பெனி ஜெர்மனிக்கு அனுப்பியது. பெண்ணும் கூடப் போனாள். போன இடத்தில் முழுகாமல் இருந்தாள். தலைப்பிரசவம். அம்மாக்காரி பக்கத்தில் இருந்தாக வேண்டும் என்பதில் இரண்டு கண்டத்திலும் கருத்து வேறுபாடு இல்லை. அப்பாக்காரன் வந்து என்ன செய்வான் என்பதற்குத்தான் யாரிடமும் பதில் இல்லை. இருந்தாலும் மரியாதைக்கு என்னையும் சேர்த்து இரண்டு விண்ணப்பம் போட்டோம். மனைவியின் விண்ணப்பம் இனிஷியல் தகராறில் திரும்பி வந்து மறுபடி போனது. என்னுடையது ஒரு குறையும் இல்லாமல் முன்னால் ஓடியது. அன்று நான் அதற்காகப் பெருமைப்பட்டேன்.

எலிக்கு மருந்து வைக்கலாம் என்றேன். குழந்தை பிறக்கிற வரைக்கும் வீட்டில் ஒரு உயிரையும் கொல்லக் கூடாது என்றாள் மனைவி.

"அது மாப்பிள்ளைக்குச் சொல்றதில்லயா? புள்ளத்தாச்சியோட புருசன்தான் கொல்லக் கூடாதும்பாங்க."

"மாப்பிள்ள ஜெர்மனில எந்த எலியக் கண்டாருங்க? எலி இருக்கற வீட்டுல யாரு இருக்கறாங்களோ அவங்களுக்குத்தானுங்க அது."

"இது எந்த சாஸ்திரத்துல இருக்குது?"

"நான் சொல்றனுங்க. பத்தாதா?"

எங்கள் கோயமுத்தூர்ப் பக்கத்தில் மரியாதை என்பது வாக்கியத்தின் வாலில் தொங்கும் ஒரு 'ங்க'. அதை மட்டும் விடாமல் போட்டுவிட்டால், அதற்கு முன்னால் என்ன வேண்டுமானாலும் சொல்லிக்கொள்ளலாம்.

ஆனால் எலிக்கு விரதம் ஏதும் இல்லை. பரணில் அது ஓடுகிற ஓட்டத்தில் கீழே மின்விசிறி ஆடியது. ஒரு சாயந்திரம் மனைவி கோயிலுக்குப் போனதும், ஹாலில் பூப்போட்ட உறை போர்த்தி வைத்திருந்த கம்ப்யூட்டரைத் திறந்தேன். மருந்து வைத்தால் எலி பரணிலேயே செத்து நாறும், நாறினால் மனைவிக்குத் தெரிந்துவிடும். எனவே என் தேவையை ஒன்று விடாமல் இங்கிலீஷில் தட்டினேன். தமிழில் சொன்னால் இப்படி வரும்: 'வீட்டிலேயே சத்தமில்லாமல் கொல்வது எப்படி, நாற்றம் வராமல், மனைவிக்குத் தெரியாமல்.'

எலி என்று போடவில்லை. எலியைத்தான் சொல்கிறேன் என்று எனக்குத் தெரியும். கம்ப்யூட்டருக்கும் தெரிந்திருக்கும் என்று நினைத்துவிட்டேன்.

வந்த பதில்களில் ஒன்றில்கூட எலி இல்லை. எல்லாம் கோர்ட்டுச் செய்திகள். இரண்டைப் படித்துவிட்டு, பரவாயில்லை, நம் வீடு எவ்வளவோ மேல் என்று மூடி வைத்தேன்.

மறுநாள் கம்பெனி வாசலில் டீ. என்னோடு ஸ்டோர்ஸில் இருந்தவர் பழைய ஹைதராபாத்காரர். அவர் பேசுவது தக்கனி, அந்த ஊர் உருது. நான் பேசுவதும் தக்கனி என்று அவர் பெருந்தன்மையோடு ஒப்புக்கொண்டிருந்தார்.

"பாஸ்போர்ட் போட்டிருக்கீராமே மியா. இனிமே நெட்டுல ஜாக்கிரதை. நீர் தட்டறது எல்லாத்தையும் மேலே ஒருத்தன் உட்கார்ந்து படிப்பான்."

"எல்லாத்தையுமா?"

"ஹவ்." ஆமாம் என்பதற்குத் தக்கனியில் ஹவ்.

"கைக்கு?" எதற்கு என்பதை நானும் தக்கனியிலேயே கேட்டேன்.

"கைக்குன்னா? ஆளை வெளிநாட்டுக்கு அனுப்பறதுக்கு முன்னாடி அவன் மனசுல என்ன ஓடுதுன்னு சர்க்காருக்குத் தெரிய வேணாமா?"

"தட்டினதை அழிச்சுட்டா?"

"நக்கோ மியா. அழிச்சான்னு வேற எழுதிக்குவான்."

சொல்லிவிட்டு டீயை ஊதிக் குடித்தார். முகத்தில் ஒரு சுளிப்பு இல்லை. இந்த மனிதருடைய டிபன் பாக்ஸில் இரும்பு நட்டுகளைப் போட்டு மூடிக் கொடுத்தவன் நான். அவர் பதிலுக்கு ஏதாவது செய்யக்கூடும் என்று அப்போது தோன்றியிருக்க வேண்டும். ஊரையே கேலி செய்து பழகியவனுக்கு ஒரு குறை உண்டு. தன்னை ஒருவன் கேலி செய்தால் அதுதான் கேலி என்று அவனுக்குத் தெரியாது.

அன்று மதியச் சாப்பாடு இறங்கவில்லை. மேலே உட்கார்ந்திருப்பவனை நினைத்துக்கொண்டேன். அவன் கண்ணாடி போட்டிருந்தான். என் வாக்கியத்தைப் படித்தான். 'மனைவிக்குத் தெரியாமல்' என்ற இடத்தில் சிவப்பு மையால் கோடு போட்டான். பிறகு மனைவியின் பாஸ்போர்ட் விண்ணப்பத்தை எடுத்துப் பார்த்துவிட்டு, ஐயோ பாவம், இந்தம்மா வெளிநாடு போவதாக ஊரில் சொல்லிவிட்டு அந்த ஆள் என்னவோ செய்யப் போகிறான் என்று முடிவுக்கு வந்தான். அவன் இடத்தில் நான் இருந்தாலும் அந்த முடிவுக்குத்தான் வருவேன்.

எங்கள் ஆபீஸ் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்ளும் பெண்ணிடம் போய், என் நண்பர் ஒருவருக்கு நெட்டில் ஆள் தெரியாமல் உலாவ வேண்டுமாம் என்று ஆரம்பித்தேன்.

"அந்த நண்பர் என்ன தப்பு செய்தார் சார்?"

"ஒரு தப்பும் இல்லம்மா. சுபாவம். கூச்சப்படறவர்."

அவள் சிரிக்காமல் விளக்கினாள். வெங்காயப் படம் போட்ட ஒரு மென்பொருள் இருக்கிறது. இறக்கிப் போட்டுக்கொண்டால், நாம் கேட்பதை உறைமேல் உறை போட்டு உலகத்தில் எங்கெங்கோ இருக்கும் கம்ப்யூட்டர்கள் வழியாகச் சுற்றி அனுப்பும். ஒவ்வொன்றும் ஒரு உறையை மட்டும் உரித்து அடுத்ததற்குத் தள்ளும். தனக்கு முன்னால் யார், பின்னால் யார் என்பதுதான் அதற்குத் தெரியும். முழு வழி யாருக்கும் தெரியாது.

எங்கள் காலனியில் செய்தி பரவுகிற வழிக்கு நேர் எதிர் வழி என்று புரிந்துகொண்டேன்.

"ஆனா சார், ஏற்கெனவே தேடினதை இது மறைக்காது. சொந்தப் பேர்ல மெயிலுக்குள்ள போனாலும் பிரயோஜனம் இல்ல. முகமூடி போட்டுட்டு விசிட்டிங் கார்டு குடுக்கற மாதிரி."

இந்த இரண்டு வாக்கியமும் என் காதில் விழுந்தன. உள்ளே போகவில்லை. செய்முறையை அவள் அச்செடுத்துக் கொடுத்த தாள்களைச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். மனைவியின் கை எட்டாத ஒரே இடம் பரண். அங்கே செருகி வைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை. மனைவி மறுபடியும் கோயிலுக்கு. தாள்களை இறக்கி, படித்து, மனப்பாடமாக்கி, திரும்பப் பரணில் செருகிவிட்டு உட்கார்ந்தேன். அந்தக் காலத்து வீட்டு இன்டர்நெட், மெகாபைட் மெகாபைட்டாக இல்லை, முக்கி முக்கி இறக்கியது. நடுவில் ஆன்டி வைரஸ் விழித்துக்கொண்டு, இது என்ன, யார் அனுப்பியது, உனக்கு நிச்சயமா என்று கேட்டது. நிச்சயம் என்று அழுத்தினேன். திரையின் மூலையில் ஒரு சின்ன வெங்காயம் மஞ்சளாக முளைத்தது. இணைக்கிறேன், இணைக்கிறேன் என்றது. பச்சையானது. வாழ்த்துகள் என்று ஒரு பக்கம் வந்தது. உலகத்தில் இனி என்னை யாருக்கும் தெரியாது.

வீட்டுக் கதவைத் தாழ்ப்பாள் போட்டேன். யாருக்கும் தெரியாதவன் எதற்குத் தாழ்ப்பாள் போட வேண்டும் என்று அப்போது யோசிக்கவில்லை.

முதல் காரியமாக, சொந்தப் பெயரில் மெயிலுக்குள் போனேன்.

மெயில்காரன் பதறிவிட்டான். ருமேனியாவிலிருந்து யாரோ உங்கள் கணக்கைத் திறக்கப் பார்க்கிறார்கள் என்றான். ருமேனியாவில் எனக்கு எதிரி யாரும் இல்லையே என்று பயந்துபோய்ப் பாஸ்வேர்டை மாற்றினேன். அதற்குள் வெங்காயம் வேறொரு வழிக்கு மாறிவிட்டது. இப்போது நெதர்லாந்திலிருந்தும் வந்துவிட்டார்கள் என்றான். திருடர்கள் கூட்டமாக வந்திருக்கிறார்கள் என்று நான் இன்னொரு பாஸ்வேர்டு போட்டேன். அவன் கணக்கையே பூட்டிச் சாவியை எடுத்துக்கொண்டான். அந்தத் திருடன், அந்தக் கூட்டம், எல்லாம் நான் ஒருத்தன்தான் என்று புரிய எனக்கு நேரமானது.

மனைவி வந்து கதவைத் தட்டினாள். திறந்தேன். நேராகத் திரையைப் பார்த்தாள்.

"இது என்னங்க வெங்காயம்?"

"பாதுகாப்பு. நாம எங்க இருக்கம்னு இனி யாருக்கும் தெரியாது."

"இப்ப எங்க இருக்கமாம்?"

காட்டுவதற்காகத் தேடும் பக்கத்தைத் திறந்தேன். வரிகளெல்லாம் ஏதோ பாஷையில் வந்தன. பெண்ணோடு போனில் பேசிப் பேசி இரண்டு வார்த்தை ஜெர்மன் பொறுக்கி வைத்திருந்த மனைவி கண்டுபிடித்துவிட்டாள்.

"ஜெர்மனில இருக்கமுங்களா?"

"கம்ப்யூட்டர் அப்படி நினைக்குது."

"அப்பறம் எதுக்குங்க பாஸ்போர்ட்டு? இதுலயே ஏறிப் போயிரலாமல்ல?" செருப்பைக் கழற்றி விட்டாள். "போங்க, நீங்களும் உங்க வெங்காயமும்."

இத்தோடு நிறுத்தியிருந்தால் ஒன்றும் ஆகியிருக்காது. ஆனால் நெட்டில் ஒளிந்தாயிற்று, தெருவில் ஒளியவில்லையே என்று மனசு குடைந்தது. மேலே இருப்பவன் கீழே ஆள் அனுப்பி விசாரித்தால்? இந்தச் சமயத்தில் பாஸ்போர்ட்டுக்குப் போலீஸ் விசாரணை உண்டு என்பதும் எனக்குத் தெரியும். அதற்கு நம்மை ஸ்டேஷனுக்குக் கூப்பிடுவார்கள் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

எதிர்வீட்டில் ரிட்டயர்டான தெலுங்கு டீச்சர் இருந்தார். என்னை அன்னய்யா என்பார். மனைவியை வதினா, அதாவது அண்ணி என்பார். கண்டிப்பான அம்மாள். அவரிடமும் கீழே வாட்ச்மேனிடமும் போய், என்னைப் பற்றி யாராவது விசாரித்தால் தெலீது என்று சொல்லிவிடுங்கள் என்றேன். தெரியாது என்பதற்குத் தெலுங்கில் தெலீது. அதோடும் விட்டேனா? கெட்டிக்காரத்தனமாக இன்னொன்றும் சேர்த்தேன்.

"நானே வந்து, 'தெரியும்னு சொல்லுங்க'ன்னு சொன்னாலும் நம்பாதீங்க. என்னை மிரட்டிச் சொல்ல வெச்சிருப்பாங்க."

டீச்சர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "வதினாவைப் பற்றிக் கேட்டால்?"

"அவளுக்கென்ன, அவ பேர்ல ஒண்ணுமில்ல."

"சரி அன்னய்யா," என்றார். பரீட்சைக் கூடத்தில் வினாத்தாளை வாங்கி வைத்துக்கொள்கிற மாதிரி அந்த வார்த்தையை வாங்கி வைத்துக்கொண்டார்.

அடுத்த வாரம் ஒரு நாள் வேலை முடிந்து வந்தபோது, டீச்சர் வாசலிலேயே காத்திருந்தார். முகத்தில் அப்படி ஒரு பிரகாசம். ஒரு ஆள் மத்தியானம் வந்தாராம். பேண்ட் சட்டை, கையில் ஃபைல். மனைவி மார்க்கெட்டுக்குப் போயிருந்த நேரம். என் பெயரைச் சொல்லி இங்கேதானே இருக்கிறார் என்று கேட்டாராம்.

"நான் தெலீது என்று சொல்லிவிட்டேன். ரெண்டு தடவை கேட்டார். ரெண்டு தடவையும் தெலீதுதான்."

பின்னாலேயே வாட்ச்மேன் படியேறி வந்தான். அவனுக்கும் பங்கு வேண்டும். "நான் ஒருபடி மேல போயிட்டேன் சார். அந்த வீடு ரொம்ப நாளா காலின்னு சொன்னேன். எழுதிக்கிட்டுப் போனார்."

"யாருன்னு சொன்னாரா?"

"பாஸ்போர்ட்டுக்காக வந்த போலீஸாம் சார்."

படியில் உட்கார்ந்துவிட்டேன். பின்னால் காய்கறிப் பையோடு மனைவி நின்றுகொண்டிருந்தாள். பெண்ணுக்கு நாள் நெருங்கிக்கொண்டிருந்தது. புருஷன் குடியிருக்காத வீட்டில் பெண்டாட்டி மட்டும் எப்படிக் குடியிருப்பாள்? என் விண்ணப்பம் விழுந்தால் அவளுடையதும் பின்னாலேயே விழும். அவள் பையைக் கீழே வைத்தபோது ஒரு வெங்காயம் உருண்டு படியில் இறங்கிப் போனது. இரண்டு பேரும் அதைப் பார்த்தோம். யாரும் எடுக்கவில்லை.

மறுநாள் லீவு போட்டுவிட்டு இரண்டு பேரும் ஸ்டேஷனுக்குப் போனோம். விசாரணைக்கு வந்தவர் அங்கே இருந்தார். என் பெயரைச் சொன்னதும் நிமிர்ந்து பார்த்தார்.

"நீங்கள்தான் அந்த இல்லாத ஆளா?" தெலுங்கில்தான் கேட்டார்.

"இருக்கிறேன் சார். நான்தான் தெரியாதுன்னு சொல்லச் சொன்னேன்."

"எதற்கு?"

கம்ப்யூட்டரில் ஒன்று தேடிவிட்டேன், அதனால் பயம் என்றேன். என்ன தேடினீர்கள் என்றார். அரைகுறைத் தெலுங்கில், ஒரு வார்த்தை விடாமல் ஒப்பித்தேன். வீட்டில், சத்தமில்லாமல், கொல்வது, நாற்றம், மனைவிக்கு. பக்கத்து மேஜையில் எழுதிக்கொண்டிருந்தவர் பேனாவை வைத்துவிட்டார்.

அதிகாரி என்னை விட்டுவிட்டு மனைவியைப் பார்த்தார். "அம்மா, நீங்கள் நலமாக இருக்கிறீர்களா?"

மனைவி மெதுவாக என் பக்கம் திரும்பினாள். "யாரைங்க கொல்லப் பாத்தீங்க?"

"எலிய."

"எலுக சார், எலுக," என்று அதிகாரிக்கும் அவசரமாகச் சொன்னேன்.

ஸ்டேஷன் முழுக்கச் சிரித்தது. மனைவியைத் தவிர. "மாசமா இருக்கற புள்ள இருக்கறப்ப," என்றாள். என்னைக் கொலைகாரன் என்று போலீஸ் சந்தேகப்பட்டதைவிட, எலியைக் கொல்லப் பார்த்ததுதான் அவளுக்குக் குற்றம்.

அதிகாரி கண்ணைத் துடைத்துக்கொண்டு மூலையைக் காட்டினார். அங்கே ஒரு கம்ப்யூட்டர், எங்கள் வீட்டில் இருப்பதைப் போலவே, உறை போர்த்தி உட்கார்ந்திருந்தது. "எங்களுக்கு இன்னும் நெட்டே வரவில்லை சார். நீங்கள் தேடியதை நாங்கள் எங்கே போய்ப் படிப்பது?"

எவ்வளவு பெரிய ஆறுதல், எவ்வளவு பெரிய அவமானம். மேலே ஒருத்தன் கண்ணாடி போட்டு என்னைப் படிக்கிறான் என்று நான் நினைத்த நாளெல்லாம் என்னை யாரும் சீந்தவே இல்லை.

ஆனால் என் விண்ணப்பத்தில் 'இந்த முகவரியில் குடியில்லை' என்று எழுதி மேலே அனுப்பியாகிவிட்டதாம். இனி பாஸ்போர்ட் ஆபீஸுக்குப் போய்த்தான் விளக்கம் கொடுக்க வேண்டும். மனைவியின் ஃபைல் இப்போதுதான் வந்திருக்கிறது, நாளைக்கு வருகிறேன், அக்கம்பக்கத்தில் தெரியும் என்று சொல்ல ஆள் வையுங்கள் என்றார்.

வீட்டுக்கு வந்ததும் டீச்சரிடம் ஓடினேன். "நாளைக்கு அவர் வருவார். எங்களைத் தெரியும்னு சொல்லுங்கம்மா."

டீச்சர் என்னை உற்றுப் பார்த்தார். பிறகு குரலைத் தாழ்த்தினார். "மிரட்டினார்களா அன்னய்யா?"

"இல்லம்மா, நெசமாவே சொல்றேன்."

"அப்படித்தான் சொல்லச் சொல்லியிருப்பார்கள்," என்று ஒரு கண்ணைச் சிமிட்டிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டார்.

மறுநாள் அதிகாரி வந்தார். டீச்சரைக் கூப்பிட்டோம். புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு, சாட்சிக் கூண்டில் ஏறுகிறவர் மாதிரி வந்து நின்றார்.

"இந்த அம்மாவைத் தெரியுமா?"

"தெரியும். ரொம்ப வருஷமாக. தங்கமான மனுஷி."

"இவரை?"

நான் அவருக்கு எதிரே, கையெட்டும் தூரத்தில், காலையில் அவர் வீட்டிலிருந்து வாங்கி வந்த பேப்பரைக் கையில் வைத்துக்கொண்டு நின்றிருந்தேன். ஆமாம் சொல்லுங்கள் என்று தலையை ஆட்டு ஆட்டென்று ஆட்டினேன். அந்த ஆட்டத்தை, சபாஷ், விட்டுவிடாதீர்கள் என்று டீச்சர் எடுத்துக்கொண்டார்.

"தெலீது," என்றார்.

"நன்றாகப் பாருங்கள் அம்மா."

"பார்த்தேன். இந்த முகத்தை நான் பார்த்ததே இல்லை."

அதிகாரி ஃபைலால் வாயை மறைத்துக்கொண்டார். மனைவியிடம் திரும்பி, "அம்மா, நீங்கள் சொல்லுங்கள். இவர் யார்?" என்றார்.

மனைவி என்னைப் பார்த்தாள். நிதானமாகப் பார்த்தாள். அந்த நேரத்தில் கல்யாணத்திலிருந்து எலி வரைக்கும் எல்லாம் அவள் கண்ணில் ஓடியிருக்க வேண்டும்.

"வீட்டுக்காரர்தானுங்க," என்றாள் கடைசியில், தமிழிலேயே.

டீச்சர் மனைவிக்காகக் கையெழுத்துப் போட்டார். மனைவியின் பாஸ்போர்ட் வந்தது. விசாவும் வந்தது. பிரசவத்துக்கு நாலு நாள் இருக்கையில் அவள் போய் இறங்கினாள். கிளம்பும்போது இரண்டே இரண்டு கட்டளை. ஒன்று, கம்ப்யூட்டரிலிருந்து வெங்காயத்தை எடுத்துவிட வேண்டும். இரண்டாவது உங்களுக்கே தெரியும்.

என் பாஸ்போர்ட் வந்தபோது பேத்தி தவழ்ந்துகொண்டிருந்தாள்.

ஆம், பேத்தி. அவள் பிறந்த செய்தி வந்த அன்று, டீச்சருக்கும் வாட்ச்மேனுக்கும் லட்டு கொடுத்துவிட்டு, கையோடு ஸ்டோர்ஸ்காரர் வீட்டுக்கும் கொண்டுபோய்க் கொடுத்தேன். "மேலே இருக்கறவனுக்கு ஒண்ணு எடுத்து வெக்கணுமா மியா?" என்றேன். "ஹவ்," என்று இரண்டாக எடுத்துக்கொண்டார்.

விரதம் முடிந்துவிட்டது. மறுநாள் எலிப்பொறியும் டார்ச்சுமாக ஸ்டூல் போட்டு ஏறினேன். பரண் மூலையில், பழைய பித்தளைக் குடத்துக்குப் பின்னால் வெளிச்சம் அடித்தேன். நான் ஒளித்து வைத்த செய்முறைத் தாள்களை எலி நார் நாராகக் கிழித்து மெத்தை போட்டிருந்தது. ஒரு துண்டில் மட்டும் பாதி வெங்காயம் தெரிந்தது. அதன்மேல் கண் திறக்காத குஞ்சுகள், விரல் நுனி அளவுக்கு, சிவப்பாக, ஒன்றன்மேல் ஒன்றாக. தாய் என்னைப் பார்த்தது. ஓடவில்லை.

டார்ச்சை அணைத்துவிட்டு இறங்கினேன். பொறியைக் கீழே வாட்ச்மேனிடம் கொடுத்தேன்.

சாயந்திரம் ஜெர்மனியிலிருந்து போன் வந்தது. பேத்தி யாரைப் போல இருக்கிறாள், குளிர் எப்படி இருக்கிறது, எல்லாம் சொன்னாள் மனைவி. பிறகு, "அந்த எலி இன்னும் இருக்குதுங்களா?" என்று கேட்டாள்.

"தெலீது," என்றேன். "அப்படி யாரும் இங்க குடியில்ல."